எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவும் எண்ணூர்ச் சேறும்

வடசென்னையில் எண்ணெய் சிந்தும்போதெல்லாம் 'எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா' என்ற பேச்சும் கூடவே எழுகிறது. 2013-இல் தண்டையார்பேட்டை டி.எச். சாலையை ஒட்டிய குடியிருப்புகளில், நிலத்தடியில் செல்லும் குழாயிலிருந்து கசிந்த பெட்ரோலிய எண்ணெய் ஆழ்துளைக் கிணற்று நீரோடு கலந்து வந்தது. 2017 ஜனவரி 28 அன்று அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சிந்திய கனமான கப்பல் எரிபொருள் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையின் கற்களுக்கிடையே கருங்குழம்பாகத் தேங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து, காட்டுக்குப்பத்திலிருந்து முகத்துவாரக்குப்பம் வரை படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்திச் செடி என எதையும் விடாமல் பூசிவிட்டுப் போனது.

மூன்றுமே எண்ணெய் மாசுதான் என்றாலும், ஒன்று நிலத்தடி நீரில் நேர்ந்தது, மற்றொன்று அலையடிக்கும் கற்கரையில், இன்னொன்று கழிமுகச் சேற்றில். இந்த மூன்று இடங்களிலும் ஒரு பாக்டீரியா ஒரே விதமாக வேலை செய்யாது. எந்த இடத்தில் எது அதற்குக் கைகொடுக்கிறது, எது அதன் கையைக் கட்டிப்போடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, இத்துறையில் மிக அதிகமாக ஆராயப்பட்ட உயிர்களில் ஒன்றான சூடோமோனாஸ் புடிடாவைப் பற்றிச் சற்று விரிவாகத் தெரிந்துகொள்வது பயன்படும்.

சூடோமோனாஸ் என்ற பெயர் தமிழ்நாட்டு உழவர்களுக்குப் புதிதன்று. விதை நேர்த்திக்கும் நெல்லின் குலைநோய்க்கும் வேளாண் விரிவாக்க மையங்களில் பொடியாக வாங்கும் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் இதன் நெருங்கிய உறவு. மருத்துவமனைகளில் தீக்காயப் புண்ணிலும் செயற்கைச் சுவாசத்தில் இருப்போரின் நுரையீரலிலும் தொற்றி மருந்துக்கு அடங்காமல் தொல்லை தரும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் அதே குடும்பம்தான். புடிடா இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. மண்ணிலும் நன்னீரிலும் வேர்களைச் சுற்றியும் வாழ்கிறது. 2 முதல் 4 மைக்ரோமீட்டர் நீளமுள்ள கோல் வடிவம், ஒரு முனையில் நீந்துவதற்கான கசையிழைக் கொத்து, வளர்வதற்கு உகந்த வெப்பம் 25 முதல் 30 டிகிரி. மண்ணில் இரும்பு குறையும்போது அதைக் கவர்ந்திழுக்க இது சுரக்கும் நிறமி, புறஊதா ஒளியில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் கேடி2440 என்ற வகையின் முழு மரபணுத் தொகுதி 2002-இல் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 62 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட அத்தொகுதியில், ஏருஜினோசாவை நோய்க்கிருமியாக்கும் முக்கியமான நச்சு மரபணுக்கள் இல்லை. நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்கு அரிதாகத் தொற்று ஏற்படுத்தியதுண்டு. ஆகவே புடிடா வகைகள் அத்தனையும் முற்றிலும் தீங்கற்றவை என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் கேடி2440 அமெரிக்காவில் 1982-இலேயே மரபணு ஆய்வுக்குப் பாதுகாப்பான உயிராகச் சான்று பெற்றது.

இதன் சிறப்பு இதன் உணவில் இருக்கிறது. பெட்ரோலியத்தில் பென்சீன், டொலுயீன், சைலீன் போன்ற வளைய மூலக்கூறுகள் உள்ளன. ஆறு கார்பன் அணுக்கள் வட்டமாகக் கைகோத்து நிற்கும் அந்த வளையம் வேதியியல்படி மிகவும் உறுதியானது. பெரும்பாலான உயிர்களால் அதை உணவாக்க முடியாது. புடிடாவின் சில வகைகளுக்கு அதை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. ஜப்பான் மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட எம்டி-2 என்ற வகை, டொலுயீன் வளையத்தில் தொங்கும் சிறு கார்பன் வாலை முதலில் படிப்படியாக ஆக்சிஜனேற்றம் செய்து பென்சோயிக் அமிலமாக்குகிறது. அடுத்துக் கேட்டகால் என்ற பொருளாக மாற்றி, அதன் வளையத்தை ஓர் ஓரத்தில் ஆக்சிஜனைக் கொண்டு வெட்டித் திறக்கிறது. வெட்டுண்ட பொருள் பளிச்சென்ற மஞ்சள் நிறமுடையது என்பதால், அந்த நொதி வேலை செய்கிறதா என்று ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அதன்பிறகு எஞ்சுபவை எந்த உயிரணுவும் எரித்துப் பயன்படுத்தும் எளிய பொருள்கள்தான். கடைசியில் மிஞ்சுவது கரியமில வாயு, நீர், பாக்டீரியாவின் சொந்த உடல் எடை ஆகியவை மட்டுமே.

இந்த வேலைக்கான மரபணுக்கள் எம்டி-2-இன் முதன்மைக் குரோமோசோமில் இல்லை. தனியே வளையமாக மிதக்கும், டால் பிளாஸ்மிட் என்று பெயர் பெற்ற, ஏறத்தாழ 1,17,000 எழுத்துகள் நீளமான ஒரு சிறு டி.என்.ஏ. துண்டில் இருக்கின்றன. ஒரு பாக்டீரியா இந்தத் துண்டின் நகலைப் பக்கத்திலிருக்கும் இன்னொன்றுக்குக் கொடுத்துவிடலாம். எண்ணெய் பட்ட மண்ணில் சில காலம் கழித்து எண்ணெய் தின்னும் உயிர்கள் பெருகியிருப்பதற்கு, ஏற்கெனவே இருந்தவை பெருகுவதோடு இத்தகைய கைமாற்றமும் ஒரு காரணம்.

விளம்பரங்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. டொலுயீனைத் தின்னும் எம்டி-2-ஆல் பென்சீனைத் தின்ன முடியாது. எஃப்1 என்ற மற்றொரு புடிடா வகை வளையத்தையே நேரடியாகத் தாக்குவதால் பென்சீனிலும் டொலுயீனிலும் வளரும், சைலீனில் வளராது. அந்துருண்டையாக நாம் அறிந்த நாப்தலீனைத் தின்ன ஜி7 என்ற வகையும் அதன் தனிப் பிளாஸ்மிடும் வேண்டும். பெட்ரோலோ நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. கச்சா எண்ணெய் அதைவிடச் சிக்கலானது. ஆகவே ஒற்றை பாக்டீரியா ஒரு கசிவை முழுதாகத் தின்று தீர்க்கும் என்பது நடவாத காரியம். உண்மையில் எங்கும் அந்த வேலையைச் செய்வது பல இனங்கள் சேர்ந்த கூட்டம்தான்.

இந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர் மேற்கு வங்கத்தின் சைந்தியாவில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது, கற்பூரம், ஆக்டேன், சைலீன், நாப்தலீன் ஆகியவற்றைச் சிதைக்கும் பிளாஸ்மிடுகளை ஒரே சூடோமோனாஸுக்குள் நிலைக்கச் செய்து, 1972-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980 ஜூன் 16 அன்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. இன்றைய உயிரித்தொழில்நுட்ப வணிகமே அந்தத் தீர்ப்பின் மேல் எழுந்தது என்று சொன்னால் மிகையாகாது. எனினும் நம் இதழ்களிலும் பள்ளிப் பேச்சுப் போட்டிகளிலும் 'சக்ரவர்த்தியின் பாக்டீரியா கடல்களைச் சுத்தம் செய்தது' என்று சொல்லப்படுவது சரியன்று. அந்த பாக்டீரியா எந்த எண்ணெய்க் கசிவிலும் களத்தில் இறக்கப்படவே இல்லை. அதன் புகழ் சட்ட வரலாற்றில் சம்பாதித்தது.

ஆய்வகக் குடுவையில் இவ்வளவு திறமையாக வேலை செய்யும் உயிர் களத்தில் ஏன் தடுமாறுகிறது என்ற கேள்விக்கு முதல் விடை ஆக்சிஜன். வளையத்தை வெட்டும் நொதிகளுக்கு ஆக்சிஜன் மூலக்கூறே கருவி. அதில்லாமல் புடிடாவால் அந்த வேலையைத் தொடங்கக்கூட முடியாது. தண்டையார்பேட்டைக்கு இதை ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் பென்சீனை முழுதாக எரிக்க ஏறத்தாழ 3 கிராம் ஆக்சிஜன் வேண்டும். சென்னையின் வெப்பத்தில், காற்றோடு நன்றாகக் கலந்த ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பது 8 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன்தான். அப்படியானால் அந்த ஒரு லிட்டர் நீர் தன் கையிருப்பைக் கொண்டு இரண்டரை மில்லிகிராம் பென்சீனைத்தான் தீர்க்க முடியும். பாக்டீரியா தன் உடலைக் கட்டிக்கொள்ள எடுக்கும் கார்பனைக் கழித்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. பெட்ரோல் மிதக்கும் நிலத்தடி நீரிலோ லிட்டருக்குப் பத்து மில்லிகிராமும் அதற்கு மேலும் பென்சீன் கரைந்திருக்கலாம். குடிநீரில் பென்சீன் 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. மேலும், நிலத்தடி நீர் காற்றோடு கலந்த நீரன்று. எண்ணெய் பட்ட இடத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச ஆக்சிஜனும் முதல் வாரங்களிலேயே தீர்ந்துவிடும்.

இதனால்தான் இத்தகைய இடங்களில் பொறியாளர்கள் பாக்டீரியாவைக் காட்டிலும் காற்றைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்கள். ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் இருக்கிறது, நீரில் கரைந்திருப்பதைப் போல் முப்பது மடங்குக்கும் மேல். நீர்மட்டத்துக்கு மேலுள்ள மண்ணில் துளையிட்டு மெல்லக் காற்றைச் செலுத்தினால், அங்கேயே இருக்கும் பாக்டீரியாக்கள் விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். நீர்மட்டத்துக்குக் கீழே காற்றைக் குமிழிகளாக ஊதலாம். மெதுவாக ஆக்சிஜனை விடும் மக்னீசியம் பெராக்சைடு போன்றவற்றையும் இறக்கலாம். தண்டையார்பேட்டை, ராயபுரம் பகுதிகளின் கடலோர மணற்பாங்கான மண் காற்றோட்டத்துக்கு ஏற்றது. இதே கசிவு களிமண் நிலத்தில் நேர்ந்திருந்தால் வேலை பல மடங்கு கடினமாகியிருக்கும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நீரின் மேல் தனி அடுக்காக மிதக்கும் எண்ணெயைப் பம்பு வைத்து இறைத்துவிட வேண்டும். பாக்டீரியா நீரில் வாழும் உயிர். கரைந்த எண்ணெய் அதற்கு உணவு, அடர்ந்த எண்ணெய் நஞ்சு. டொலுயீன் உயிரணுவின் சவ்வையே கரைக்கும் கரைப்பான். புடிடாவின் டாட்-டி1இ போன்ற சில வகைகள் சவ்வின் கொழுப்பமைப்பை மாற்றி இறுக்கிக்கொண்டும், உள்ளே புகுந்த டொலுயீனைப் புரதப் பம்புகளால் வெளியே தள்ளியும் உயிர் தப்புகின்றன. ஆனாலும் அது தற்காப்பு. அந்த நேரத்தில் அதன் ஆற்றலில் பெரும்பங்கு பிழைத்திருப்பதற்கே செலவாகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் உயரும்போது மிதக்கும் எண்ணெயும் உயர்ந்து, கோடையில் இறங்கும்போது தன்னோடு இறங்கி, இடைப்பட்ட மண் அடுக்கு முழுவதிலும் ஒட்டிக்கொள்கிறது. எந்தப் பம்பாலும் எடுக்க முடியாத அந்த ஒட்டல்தான் ஆண்டுக்கணக்கில் நீரில் கரைந்துகொண்டே இருக்கும். புடிடா போன்ற உயிர்களுக்கு ஏற்ற வேலை அங்கேதான் இருக்கிறது: அடர்த்தி குறைவு, நன்னீர், 28 டிகிரியை ஒட்டிய நிலத்தடி வெப்பம். காற்றை மட்டும் நாம் கொடுத்தால் போதும்.

எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இந்த இடத்தில் ஓதம் ஏறி இறங்குவதால் நீர் உவர்ப்பானது. மண்ணுக்கும் நன்னீருக்கும் பழகிய புடிடா உப்பில் தளர்ந்துபோகும். கடலில் எண்ணெய் தின்னும் வேலையை முதலில் எடுத்துக்கொள்வது அல்கானிவோராக்ஸ் போன்ற வேறு இனங்கள். அவையும் நீரின் மேற்பரப்பிலும் காற்றுப்படும் கரையிலும்தான் நன்றாக இயங்கும். கழிமுகத்தின் கருஞ்சேற்றைக் கிளறினால் எழும் அழுகிய முட்டை நாற்றம், மேலே சில மில்லிமீட்டருக்குக் கீழ் ஆக்சிஜன் இல்லை என்பதற்கான அறிகுறி. கடல்நீரில் லிட்டருக்கு இரண்டரை கிராமுக்கு மேல் சல்ஃபேட் இருப்பதால், ஆக்சிஜனுக்குப் பதிலாக அதைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சேற்றில் வாழ்கின்றன. அவற்றில் சில எண்ணெயையும் சிதைக்கின்றன. ஆனால் மிக மெதுவாக.

இன்னொரு தடையை இந்தப் பகுதிக்கே உரியது என்பேன். சாக்கடை நீரும் உர ஆலைகளின் அண்மையும் உள்ள கழிமுகத்தில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் பஞ்சமில்லை. அலாஸ்காவில் 1989-இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் படிந்த கடற்கரைகளில் உரம் தெளித்துப் பாக்டீரியாக்களைத் தூண்டியது பலன் தந்தது என்பதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அங்கே ஊட்டச்சத்து குறைவு, அலையும் கூழாங்கல்லும் தந்த காற்று மிகுதி. இங்கே ஊட்டச்சத்து மிகுதி, காற்று குறைவு. இதே முறையை எண்ணூரில் பின்பற்றி உரம் தெளித்தால் பாசி பெருகி, அது அழுகும்போது இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். இது போதாதென்று, சூடோமோனாஸ் இனத்துக்கு உணவில் ஒரு முன்னுரிமை உண்டு: கரிம அமிலங்களும் அமினோ அமிலங்களும் கிடைத்தால் அவற்றை முதலில் தின்னும், டொலுயீனைச் சிதைக்கும் மரபணுக்களை அதுவரை அடக்கியே வைத்திருக்கும். சாக்கடை கலந்த நீரில் அவை தாராளமாகக் கிடைக்கின்றன. விருந்துச் சாப்பாடு பரிமாறிய இலைக்கு முன்னால் உட்கார்ந்தவரைக் கசப்பு மருந்தைக் குடிக்கச் சொல்வதற்கு ஒப்பானது அது. கழிமுகத்துக்குள் சாக்கடை வருவதை நிறுத்துவதும் எண்ணெய்ச் சுத்திகரிப்பின் ஒரு பகுதிதான் என்பதை எந்தத் திட்ட அறிக்கையிலாவது எழுதினால் நல்லது.

அந்தச் சேற்றுக்குக் காற்றைக் கொண்டுபோகும் வேலையாட்களும் அங்கேயே இருந்தார்கள். அலையாத்திக் காட்டில் வளை தோண்டும் நண்டுகள், ஒவ்வொரு ஓதத்தின்போதும் நீரையும் காற்றையும் சேற்றின் ஆழத்துக்கு இறக்குகின்றன. வெண்கண்டல் மரத்தின் மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்களும் தம்மைச் சுற்றியுள்ள மண்ணுக்குக் கொஞ்சம் ஆக்சிஜனைக் கசிய விடுகின்றன. எண்ணெய் இந்த இரண்டையும்தான் முதலில் தாக்குகிறது: வளைக்குள் இறங்கி நண்டைக் கொல்கிறது, மூச்சுவேரின் துளைகளை அடைக்கிறது. ஆகவே கழிமுகத்தில் எண்ணெயைக் கையால் அள்ளுவதும், வேர்களைச் சேதப்படுத்தாமல் தாழ்ந்த அழுத்த நீரால் கழுவுவதும், முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபடாமல் ஓதம் தடையின்றி ஓட வழிசெய்வதும், பீப்பாய் பீப்பாயாகப் பாக்டீரியாக் கரைசலை ஊற்றுவதைவிட அதிகப் பலன் தரும் என்பது என் கருத்து. ஊற்றியது அடுத்த வற்றத்தில் கடலுக்குப் போய்விடும்.

2017-இல் கரையில் நடந்தது இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. வாளிகளில் அள்ளிய எண்ணெய்ச் சகதியை மண்ணோடு கலந்து, இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு தயாரித்த நுண்ணுயிரிக் கலவையைச் சேர்த்துச் சீரமைக்க, அருகிலேயே 2,000 சதுர மீட்டர் நிலம் ஒதுக்கப்பட்டது. இது சரியான முறை. கடலில் முடியாததை நிலத்தில் செய்யலாம்: சகதியைக் கிளறிக் காற்றூட்டலாம், ஈரத்தைக் கட்டுப்படுத்தலாம், கார்பன் 100 பங்குக்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்ற விகிதத்தில் உரம் சேர்க்கலாம். டெல்லியைச் சேர்ந்த டெரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'ஆயில்ஜாப்பர்' என்ற பாக்டீரியாக் கூட்டுக் கலவையும் சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய்ச் சகதிக்கு இதே வகையில் பயன்பட்டுள்ளது. ஆனால் கப்பல் எரிபொருள் என்பது கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோலும் டீசலும் வடித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் கசடு. அதிலுள்ள நீள்சங்கிலிச் சேர்மங்கள் மாதக்கணக்கில் சிதையும். அஸ்ஃபால்டீன் எனப்படும் தார் போன்ற பகுதி ஏறக்குறைய அப்படியே கிடக்கும்.

வெளியிலிருந்து கொண்டுவந்து விடும் பாக்டீரியாக்கள் நீண்ட நாள் நிலைப்பதில்லை என்பது பல இடங்களில் கண்ட அனுபவம். மண்ணிலிருக்கும் ஒற்றைச்செல் விலங்குகள் அவற்றை மேய்ந்துவிடுகின்றன. அந்த இடத்துக்கே பழகிய உள்ளூர் இனங்கள் போட்டியில் வென்றுவிடுகின்றன. மணலியைப் போல் பெட்ரோலிய ஆலைகள் அறுபதுகளின் இறுதியிலிருந்து இயங்கிவரும் இடத்து மண்ணில், எண்ணெய் தின்னப் பழகிய பாக்டீரியாக்கள் ஏற்கெனவே இருக்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். மரபணு மாற்றிய வகைகளைத் திறந்த வெளியில் விடுவது அதைவிட அரிது. நாப்தலீனைத் தின்னும்போது தானே ஒளிவிடுமாறு மாற்றப்பட்ட எச்கே44 என்ற சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ், 1996-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், அதுவும் மூடப்பட்ட மண்தொட்டிகளில் விடப்பட்டது. இந்தியாவில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, அத்தகைய உயிரை வெளியில் விட மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

ஓர் ஒப்பந்ததாரர் 'பாக்டீரியா தெளித்தோம், மூன்று மாதத்தில் எண்ணெய் பாதியாகிவிட்டது' என்று அறிக்கை தரும்போது, அது தின்னப்பட்டதா, ஆவியானதா, மழையில் அடித்துச் செல்லப்பட்டதா என்று எப்படி அறிவது? பென்சீனும் டொலுயீனும் எளிதில் ஆவியாகும் பொருள்கள். அளவு குறைந்தது என்பது மட்டுமே சான்றாகாது. பக்கத்திலேயே பாக்டீரியா தெளிக்காத ஒரு துண்டு நிலத்தை ஒப்பீட்டுக்கு விட்டுவைத்திருக்க வேண்டும். மண் வாயுவில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடியிருக்க வேண்டும். எளிதில் சிதையும் நேர்ச்சங்கிலிச் சேர்மங்கள், அவற்றைப் போலவே ஆவியாகும், ஆனால் மெதுவாகச் சிதையும் பிரிஸ்டேன் போன்ற கிளைச்சங்கிலிச் சேர்மங்களோடு ஒப்பிடுகையில் குறைந்திருக்க வேண்டும்; ஆவியாதல் இரண்டுக்கும் இடையே அத்தகைய வேறுபாட்டை உண்டாக்காது. வளையத்தை வெட்டும் நொதியின் மரபணு எத்தனை மடங்கு பெருகியது என்பதை டி.என்.ஏ. சோதனையால் எண்ணவும் இன்று முடியும். இவை எதுவும் சென்னையின் ஆய்வகங்களுக்கு எட்டாத வேலையன்று.

எண்ணூரில் எண்ணெயோடு அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்தே கிடக்கிறது. அதிலுள்ள கன உலோகங்களை எந்தப் பாக்டீரியாவாலும் தின்று தீர்க்க முடியாது, ஏனெனில் உலோகம் என்பது தனிமம். அதைச் சிதைப்பதற்கு ஒன்றுமில்லை. புடிடா தன் உடலுக்குள் புகும் உலோகத்தை வெளியே தள்ளித் தப்பிக்கும், சில சமயம் வேறு வேதி வடிவத்துக்கு மாற்றும், அவ்வளவுதான். அந்தச் சாம்பலைச் சேற்றிலிருந்து எடுத்து அப்புறப்படுத்துவது தூர்வாரும் இயந்திரத்தின் வேலை.